சிங்கப்பூரில் வேலைக்குப் போய்வர 300 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) ஃபிக்ஸட் கியர் சைக்கிள் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

வாங்கலாம். பெடலும் பின் சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும் வண்டி இது, முன் பிரேக் இல்லாததை மட்டும் தொடாதீர்கள். பின் சக்கரத்தின் ஹப்பை, அதாவது நடு உருளையை, கண்ணால் பார்க்காமல் காசை எடுத்து நீட்டாதீர்கள். அவசரமாக வண்டி பார்க்கக் கிளம்புகிறவர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நேரம் இருந்தால் என் வலது காறை எலும்பு உடைந்த கதையையும் படித்துவிட்டுப் போங்கள்.

300 வெள்ளி என்று வரம்பு வைத்திருக்கிறீர்கள். ஊரிலிருந்து வந்து அதிக நாள் ஆகியிருக்காது, சம்பளத்தில் பாதி வீட்டுக்குப் போகிறது, பஸ், எம்ஆர்டி ரயில் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 2013இல் நானும் அதே கணக்குதான் போட்டேன். தெம்பனீஸில் வாடகை அறை, காக்கி புக்கிட்டில் வேலை, ஆறு கிலோமீட்டர் சொச்சம். புளோக்குக்குக் கீழே பள்ளிக்கூடப் பையன்கள் வண்ண வண்ண ரிம் போட்ட ஃபிக்ஸிகளில் (ஃபிக்ஸட் கியர் வண்டியின் செல்லப்பெயர்) சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. கியர் இல்லை, கம்பி இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னார். எனக்கும் அது சரியாகவே பட்டது. பழைய வண்டி ஒன்றை 130 வெள்ளிக்கு வாங்கினேன். வெள்ளை ஃபிரேம், ஆரஞ்சு ரிம். பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக அழுத்தினால் நிற்கும் என்று விற்றவர் ஓட்டியும் காட்டினார்.

உண்மைதான், நிற்கும். ஃபிக்ஸட் கியரில் பிரீவீல், அதாவது பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தைச் சுற்றவிடும் பாகம், கிடையாது. பின் சக்கரத்துப் பல்சக்கரம் ஹப்போடு இறுகியிருக்கும். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், பெடலைத் தடுத்தால் சக்கரமும் தடுபடும். மூன்று வாரத்தில் கால்களுக்கு அது பழகிவிட்டது. நம் ஊர்ச் சைக்கிளில் இறக்கத்தில் பெடலை நிறுத்திவிட்டு ஹாயாக உட்கார்ந்து வருவோமே, அது இதில் நடக்காது. எனக்கு அது பிடித்திருந்தது, இன்றும் பிடிக்கிறது. வண்டியின் வேகம் முழுக்கக் காலுக்குத் தெரியும்.

நாலாவது வாரம், காலை ஏழு மணி வாக்கில், ராத்திரி பெய்த மழையில் பாதை இன்னும் காயவில்லை. பிடோக் நீர்த்தேக்கத்தை ஒட்டி ஒரு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே ஒரு பாட்டி தள்ளுவண்டியோடு குறுக்கே வந்தார். வழக்கம்போலப் பின்னால் அழுத்தினேன். காலுக்கடியில் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் பெடலில் கனமே இல்லை, காற்றை மிதிப்பதுபோலப் பின்பக்கமாகச் சும்மா சுற்றுகிறது. வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. கையில் பிடிக்க ஒரு பிரேக்கும் இல்லை. ஹேண்டில் பாரைப் புல் பக்கம் திருப்பினேன். சக்கரம் ஈரப்புல்லில் வழுக்கி, தோள்பட்டை போய்க் கம்பித் தடுப்பில் இடித்தது. பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்துத்தான் இன்றைக்கும் நிம்மதி. ஆறு வாரம் வேலைக்குப் போகவில்லை. அந்த ஆறு வாரமும் ஓவர்டைம் பணம் இல்லாமல் ஊருக்கு எவ்வளவு அனுப்பினேன் என்பது எனக்கும் என் மனைவிக்கும்தான் தெரியும்.

கை சரியானதும் வண்டியை ஒரு புளோக்கடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வயதான சீன அங்கிள். பின் சக்கரத்தைக் கழற்றி, ஹப்பைத் துணியால் துடைத்து, மரை இருக்கும் இடத்தை என் கட்டைவிரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரே அகலத்தில் ஒரே மரை. பிறகு தன் கடையிலிருந்த வேறொரு ஹப்பை எடுத்து அதையும் தடவச் சொன்னார். அதில் இரண்டு படி இருந்தது. உள்ளே பெரிய படி, வெளியே கொஞ்சம் சின்னது. பெரிய படியில் பல்சக்கரம் ஏறும். சின்ன படியில் லாக்ரிங் என்ற பூட்டு வளையம் ஏறும், அதன் மரை எதிர்த்திசை மரை. நாம் பின்னால் அழுத்தும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும். ஆனால் அது கழலும் திசையில் சுற்றச் சுற்ற லாக்ரிங் இன்னும் இறுகும், அதனால் கழல முடியாது. என்னுடையது சாதாரண பிரீவீல் ஹப். பல்சக்கரத்தின் மரையும் பிரீவீல் மரையும் ஒரே அளவு என்பதால் ஏற்றினால் ஏறிவிடும். அதன்மேல் அதே திசை மரையில் ஒரு வளையத்தை வைத்து இறுக்கி எனக்கு விற்றிருந்தார்கள். பல்சக்கரம் கழன்றபோது அந்த வளையத்தையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு கழன்றிருக்கிறது.

130 வெள்ளி வண்டிக்கு 90 வெள்ளியில் புதுப் பின் சக்கரம், 25 வெள்ளியில் முன் பிரேக். அந்தச் செலவை முதல் நாளே செய்திருக்க வேண்டும். உங்கள் 300ஐயும் இப்படித்தான் பிரிக்கச் சொல்வேன். ஃபிரேமும் பெயிண்டும் சுமாராக இருந்தால் போதும், பின் சக்கரத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பிரேக் பற்றி எழுதினாலே சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் பந்தயத் திடலில், பிரேக் இல்லாமல்தானே ஓட்டுகிறார்கள் என்பார்கள். அங்கே பாட்டி தள்ளுவண்டியோடு குறுக்கே வருவதில்லை. கால் திறமை போதும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். என் கால் சரியாகத்தான் வேலை செய்தது, கழன்றது பல்சக்கரம். செயின் அறுந்தாலும் இதே கதிதான். இந்த ஊரில் 2021 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஒரு கைப்பிரேக்காவது இல்லாமல் பொதுப் பாதையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் பத்து வருடத்துக்கு மேலாக மழையிலும் வெயிலிலும் இதே வண்டியில் வேலைக்குப் போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அடுத்து பல்சக்கரங்களின் பல் கணக்கு. நான் ஓட்டுவது முன்னால் 44, பின்னால் 16. நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் சுமார் 24 கிலோமீட்டர் வேகம் வரும். சைக்கிள் பாதையில் அனுமதி 25தான், நடைபாதையில் 10. அதனால் இதற்குமேல் தேவையில்லை. 48க்கு 16 என்று விற்கும் வண்டிகளைத் தவிருங்கள். சிக்னலில் நின்று கிளம்பும்போது முட்டி வலிக்கும். அதோடு 48ஐ 16 மீதியில்லாமல் வகுப்பதால், சக்கரத்தைப் பூட்டி வழுக்கி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடம்தான் தேயும். ஒரு பையனின் டயரில் ஐந்து வெள்ளி நோட்டு அகலத்துக்கு நூல் தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன், மற்ற இடமெல்லாம் புதுசு.

ஃபிரேமில் 28 மில்லிமீட்டர் டயரும் மட்கார்டும் ஏற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பின் சக்கரம் உட்காரும் காடி படுக்கைவாக்கில் இருக்க வேண்டும், சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் செயினை இறுக்க முடியும். நீங்களும் என்னைப்போல இரும்பு மூக்கு வைத்த பாதுகாப்புக் காலணி போடுகிறவர் என்றால் பெடல் வாரில் கால் நுழையாது, அகலமான வார் கேளுங்கள். ஷூ நாடாவை உள்ளே செருகிக்கொள்ளுங்கள். சக்கரம் சுற்றும்போது செயினைத் துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள், இதில் செயின் விரலோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

வேலைக்குச் சைக்கிளில் போவது பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒரு சித்தப்பா, "சிங்கப்பூர்ல இத்தனை வருஷம் இருந்து சைக்கிள்தானாடா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்கிறார். போன தடவை என் மகளை வைத்துக்கொண்டே கேட்டார்கள். இங்கே கார் வாங்குமுன் பத்து வருடத்துக்கான உரிமைச் சான்றிதழ் எடுக்கவேண்டும். 2023இல் சின்ன காருக்கே அது ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது, கார் விலை தனி. அந்தப் பணத்தில் இரண்டு தங்கச்சிகளுக்குக் கல்யாணம் செய்யலாம். நான் செய்திருக்கிறேன். அதைக் கேட்க யாரும் இல்லை, சைக்கிளைக் கேட்கமட்டும் ஆள் இருக்கிறது. உங்களிடமும் கேட்பார்கள், மனசைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வண்டி பார்க்கப் போகும்போது ஒரு 15 எம்எம் ஸ்பானர் எடுத்துப் போங்கள். விற்பவர் முன்னாலேயே பின் சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரத்தையும் லாக்ரிங்கையும் எடுக்கச் சொல்லி, இரண்டு படி இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கழற்ற விடமாட்டேன் என்றால் அந்த வண்டி வேண்டாம். வாங்கிய பிறகும் அந்த ஸ்பானர் பையிலேயே இருக்கட்டும், ஒரு ட்யூபும் பம்பும் கூடவே. பஞ்சர் ஆனால் எம்ஆர்டியில் ஏற்ற மடிக்கும் சைக்கிளுக்குத்தான் அனுமதி, நீங்கள் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும். தெம்பனீஸ் பக்கம் வண்டி பார்க்கிறீர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் நானும் வருகிறேன்.