பாஹா கலிபோர்னியா பாலைவனக் கரையோரம் பாய்மரப் படகில் மூன்று வாரம்: தண்ணீர், சாப்பாடு எப்படிச் சமாளிப்பது?

கேட்டவர் தருமபுரிக்காரர். நவம்பர் தொடக்கத்தில் நண்பரின் 36 அடிப் படகில் அமெரிக்காவின் சான் டியாகோவிலிருந்து, மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தின் தென்முனையிலுள்ள காபோ சான் லூகாஸ் வரை இரண்டே பேராகப் போகிறார்களாம். இதில் தண்ணீர்தான் தலையாய விஷயம். அதையே விரிவாகச் சொல்கிறேன்.

வழி சுமார் 750 கடல் மைல். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 120 மைல் போகலாம். ஆனால் பாஹியா தோர்துகாஸ், பாஹியா சாந்தா மரியா என்று வழியிலுள்ள விரிகுடாக்களில் நங்கூரம் போட்டுப் போட்டுப் போனால் மூன்று வாரம் சரியாக இருக்கும். கரையில் இருப்பவை சின்னச் சின்ன மீனவ ஊர்கள். மழையே அரிதான அந்த இடத்தில் அவர்களை நம்பிக் கேனோடு இறங்கக் கூடாது.

குடிக்க, சமைக்க ஆளுக்கு 4 லிட்டர், கழுவ, அலச 3 லிட்டர். இருவருக்கும் நாளுக்கு 14, மூன்று வாரத்துக்கு மொத்தம் 294 லிட்டர். டேங்க் ஒன்றே ஒன்று என்றால், அதில் ஒரு கசிவு போதும், எல்லாம் போச்சு. அதனால் 20 லிட்டர் கேன் நான்கை நிரப்பித் தனியாகக் கட்டி வையுங்கள். அவசரத்துக்குத் தவிர அதில் கை வைக்காதீர்கள்.

படகில் வாட்டர்மேக்கர் (கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின்) இருந்தால் நிம்மதி. ஃபுளோரைடுக்குப் பயந்து நம்மூர் வீடுகளில் மாட்டுகிற ஆர்.ஓ.வின் அதே தத்துவம்தான், அழுத்தம்தான் வேறு. கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தமே, அதாவது உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும் அழுத்தமே, 27 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 27 மடங்கு) அளவுக்கு இருக்கும். அதை மீறித் தள்ள 55 பார் வரை தேவை. 12 வோல்ட்டில் ஓடும் சின்ன ரகம் 4 ஆம்பியர் இழுத்து மணிக்கு 5 லிட்டருக்குச் சற்று மேல் தரும். மூன்று மணி நேரம் ஓட்டினால் அன்றைய பாடு தீர்ந்தது.

கெட்டுப்போவது பெரும்பாலும் மெம்பரேன்தான், அதாவது உப்பைத் தடுத்து நிறுத்தும் சவ்வு. துறைமுகத்துக்குள் ஓட்டினால் தண்ணீரில் மிதக்கும் டீசல் படிந்து பாழாகும். கடல் செம்பழுப்பாகப் பாசி பூத்திருந்தால் முன் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தைத் தாண்டிய பிறகு போடுங்கள். பலர் கோட்டை விடுவது குளோரினில். மரீனா (படகு நிறுத்துமிடம்) குழாய்த் தண்ணீரைக் கார்பன் ஃபில்டர் இல்லாமல் விட்டு அலசினால் மெம்பரேன் அரித்துப்போய் உப்பு அப்படியே ஊடுருவும். மெஷினைச் சும்மா போட்டு வைத்தாலும் ஆபத்து: உள்ளே சிக்கிய நுண்ணுயிர்கள் செத்து அழுகிய முட்டை நாற்றம் வரும். வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். வீட்டிலிருந்து, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை எடுத்துப் போங்கள். ஓட்டத் தொடங்கியதும் வருவதைக் கீழே விட்டு, மீட்டர் 500-க்குக் கீழே இறங்கிய பிறகு டேங்கில் பிடியுங்கள்.

குளியல் கடலில்தான். சோப்புக் கட்டி உப்புநீரில் நுரைக்காது, ஷாம்பு நுரைக்கும். கடைசி அலசலுக்கு விவசாயக் கடையில் விற்கும் 2 லிட்டர் கைத்தெளிப்பான் பிரமாதம். புதிதாக வாங்குங்கள், தோட்டத்தில் மருந்தடித்தது வேண்டவே வேண்டாம். பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்து, அதே தெளிப்பானால் ஒரு சுற்று.

முட்டையையும் உருளைக்கிழங்கையும் கடல்நீரிலேயே வேகவைக்கலாம். பருப்பை அதில் போடாதீர்கள். கால்சியமும் மக்னீசியமும் இருப்பதால் வேகாமல் அடம்பிடிக்கும். மூடி பூட்டிக்கொள்ளும் குக்கர் படகு சாய்ந்தாலும் கொட்டாது, கேஸும் மிச்சம். ஊரிலிருந்து அரிசி கட்டாதீர்கள், தானியத்தை அரிக்கும் கப்ரா வண்டுக்காக அமெரிக்க விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். அரிசி, ராகி மாவு எல்லாம் அங்கே இந்தியக் கடையில் வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். ஆட்டம் அதிகமான நாளில் களி கிண்டுவது நடக்காது, கூழோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டிகளைக் கரையிலேயே விட்டுவிடுங்கள், கரப்பான் முட்டை அதன் மடிப்புகளில்தான் ஏறி வரும்.

பாலைவனம் என்று பருத்திச் சட்டையோடு போய்விட வேண்டாம். அந்தக் கரையோரம் ஓடும் கலிபோர்னியா நீரோட்டம் குளிர்ந்தது. வழியில் தெற்கே வரும் மக்தலேனா விரிகுடா வரை இரவுக் காவலுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் தேவைப்படும்.

எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும், ஒரு சுவிட்சுப் பொறி போதும். ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் சிலிண்டர் வால்வை முதலில் மூடி, குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து அணைந்த பிறகு அடுப்புக் குமிழை மூடுங்கள்.