குதிரைத் துறவிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜப்பானின் உள்நாட்டுப் போர்களை வைத்துச் செய்த ஒரு வியூக விளையாட்டை ஆடிவருகிறேன். அதில் குதிரைமேல் நகினாதா, அதாவது நீண்ட கம்பின் நுனியில் வளைந்த வாள், ஏந்தி வரும் பௌத்தத் துறவிகள் உண்டு. நிஜமாகவே இருந்தார்களா? புத்தர் பெயரைச் சொல்லி வெட்டியவர்கள் போலித் துறவிகள்தானே? விளையாட்டில் அவர்கள் விலையும் ரொம்ப அதிகம்.

அருண்

அன்புள்ள அருண்,

குதிரையை முதலில் முடித்துவிடுகிறேன். பெரிய மடங்களில் பிரபுக்களின் பிள்ளைகள் துறவிகளாக இருந்தார்கள். அவர்களில் குதிரையேறத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் பழைய போர்க்கதைகளில் வரும் துறவிகள் பெரும்பாலும் தரையில் நின்று சண்டை போட்டவர்கள். விலையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

'போலித் துறவிகள்' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு படிக்கிற பிள்ளை, ஒரே சொல்லில் கழித்துக்கட்டலாமா? ஹியெய் மலையில் 788-ல் சாய்சோ என்ற துறவி தொடங்கிய என்ரியாகுஜி மடம், பின்னாளில் பல ஊர்களில் நெல் விளையும் மானிய நிலங்களுக்குச் சொந்தமானது. அதைப் பறிக்க ஆள் வந்தான், காக்க ஆயுதம் வந்தது. அப்புறம் தலைமைப் பதவி யாருக்கு, தீட்சை கொடுக்கும் உரிமை யாருக்கு என்ற சண்டை. 1081-ல் அந்த மலைத் துறவிகள் கொளுத்தியது மீதெரா மடத்தை. இரண்டு மடமும் தெண்டாய் என்ற ஒரே பௌத்த மரபு, ஓதுவதும் தாமரைச் சூத்திரம் என்ற ஒரே நூல். காலையில் அதை உண்மையாகவே ஓதிவிட்டுத்தான் தீப்பந்தம் எடுத்திருப்பார்கள். அவர்கள் பக்தியைச் சந்தேகிப்பதை விடுங்கள். நிலம் யாரிடம் இருந்தது என்று கேளுங்கள்.

நாரா நகரில் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் சிலை முன் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். பீடத்துத் தாமரை இதழ்கள் சில எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மயிரிழைக் கோடுகளில் புத்தர்களைச் செதுக்கியிருப்பார்கள். தலையோ பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் வார்த்தது. நடுவில் இரண்டு பெருந்தீ. முதல் தீ 1181-ன் தொடக்கத்தில். தாய்ரா குலத்துத் தளபதி ஷிகெஹிராவின் குதிரைப்படை வருகிறது என்று துறவிகள் சாலையை வெட்டி அகழி போட்டுக் காலாட்களாக நின்றார்கள். எதிரிகள் குதிரைமேல் வில்லோடு வந்தார்கள். இருட்டியதும் அவர்கள் வெளிச்சத்துக்கு வைத்த தீயைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. புத்தர் மண்டபத்தின் மாடியில் நடக்க முடியாத கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும் ஒளிந்திருந்தார்கள். எதிரி பின்னால் ஏறிவிடக் கூடாதென்று ஏணியை எடுத்துவிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே வெந்தார்கள் என்கிறது தாய்ரா குலத்தைப் பற்றிய பழைய போர்க்கதையான ஹெய்கே கதை.

உங்கள் விளையாட்டில் அந்த ஏணி இருக்கிறதா, அருண்? துறவிப்படைக்கு வீரம் இத்தனை, தாக்குதல் இத்தனை என்று எண் போட்டவர்கள் மாடியில் இருந்தவர்களை விட்டுவிட்டார்கள். இது எனக்கு ஆறவே இல்லை.

ஆடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ஹெய்கே கதையில் நாரா எரியும் பகுதியையும் படியுங்கள். 1185-ல் நாரா துறவிகள் கேட்டு வாங்கிய ஷிகெஹிராவின் தலை வெட்டப்படும் இடம்வரை விடாமல் படியுங்கள். படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.