டைம்கோடில் கடைசி இரண்டு இலக்கம் எதைக் குறிக்கிறது? ஃபிரேமை நொடியாக மாற்றுவது எப்படி?

"டைம்லைனில் 00:02:17:18 என்று காட்டுகிறது, இது 2 நிமிடம் 17.18 நொடிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இதே தப்பை எங்கள் கடைத் தம்பி செய்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஒரு முகூர்த்தத்துக்கு மேளத்தைத் தனி ரெக்கார்டரில் பதிவு செய்திருந்தோம். கெட்டிமேளத்தின் முதல் அடி டைம்லைனில் 00:02:17:18. ஆடியோ மென்பொருளோ நேரத்தைத் தசமத்தில் கேட்கும். தம்பி 137.18 என்று போட்டுவிட்டான். ஓட்டிப் பார்த்தால், தவில்காரர் ஓங்கிய குச்சி இன்னும் மேலேயே நிற்கிறது, அடி அதற்குள் கேட்டுவிட்டது.

டைம்கோடு என்கிற இந்த நேர எண் மணி:நிமிடம்:நொடி:ஃபிரேம் என்ற வரிசையில் வரும். கடைசி இரண்டு இலக்கம் ஃபிரேம் எண்; ஃபிரேம் என்றால் வீடியோவின் ஒரு தனிப் படம். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் ப்ராஜெக்டில் அது 00-லிருந்து 24 வரை போய், அடுத்த நொடிக்குத் தாவும். 18-ஐ 25-ஆல் வகுத்தால் 0.72. ஆக, சரியான இடம் 137.72 நொடி. அரை நொடிக்கு மேல் பிசகு. மொத்த ஃபிரேம் வேண்டுமென்றால் 137 × 25 + 18 = 3443. அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று கேட்காமல் யார் ஃபிரேம் எண்ணைச் சொன்னாலும் நம்பாதீர்கள். அதே 3443 ஃபிரேம், 24-இல் ஓடினால் 143.46 நொடி, 30-இல் ஓடினால் 114.77 நொடி. ஃபிலிம் காலத்தில் இதை அடிக்கணக்கில் பார்த்தார்கள். 35 எம்எம் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், 24-இல் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் 11 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வளைவைத் தாண்டும்போதெல்லாம், உள்ளே கத்திரியும் கையுமாக எத்தனை பேர் அடி எண்ணியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

நம்மூர் டிவி 25 என்பதால் நாங்கள் 25-இலேயே வேலை செய்கிறோம். யாராவது கேமராவை என்டிஎஸ்சியில் (அமெரிக்க டிவி முறை) வைத்து எடுத்து வந்தால்தான் தலைவலி. 30 என்பார்கள், உண்மையில் அது 29.97. மணிக்கு 1,08,000 ஃபிரேம் வர வேண்டிய இடத்தில் 1,07,892தான் வரும். முப்பது முப்பதாக எண்ணிப் போகும் டைம்கோடு, கைக்கடிகாரத்தில் ஒரு மணி நேரம் ஆகும்போது 00:59:56:12-இல் நிற்கும். இதைச் சரிக்கட்டத்தான் டிராப் ஃபிரேம். நிமிடம் மாறும்போதெல்லாம் 00, 01 என்ற இரண்டு எண்களை விட்டுவிட்டு 02-லிருந்து எண்ணும்; 10, 20 என்று பத்தின் மடங்காக வரும் நிமிடங்களில் மட்டும் விடாது. இப்படி மணிக்கு 108 எண் விடுபடும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், படம் ஒன்றுகூட விழாது. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. எண்ணுகிறவர் 7-க்கு அப்புறம் 10 என்று சொன்னால் வளைவா காணாமல் போகும்?

மொபைலில் எடுத்ததை அப்படியே டைம்லைனில் போடாதீர்கள். பல போன்கள் ஃபிரேம் வேகத்தை நடுநடுவே மாற்றிக்கொள்ளும், அங்கே எந்த வகுத்தலும் நிற்காது. முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், இந்தக் கணக்கு ஷூட்டிங்கிலும் உதவும். போன மாதம் ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற மலைமுனையில் மேகம் ஏறி வருவதை 10 நொடி டைம்லாப்ஸாக, அதாவது இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும் வீடியோவாகக் கேட்டார்கள். 10 நொடிக்கு 250 படம். 4 நொடிக்கு ஒன்று வீதம் எடுத்தால் 1000 நொடி, அதாவது 16 நிமிடம் 40 நொடி. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் மிளகாய் பஜ்ஜி சாப்பிட அனுப்பிவிட்டேன்.