ஹெட்போன்ல காதுல படற பேடைத் துணி பேடா மாத்தினதும் பேஸ் (பாட்டோட அடி ஒலி) போயிடுச்சுன்னு கேட்டதுக்கு

உள்ள சத்தம் எழுப்புற டிரைவர் போகலங்க, புது பேட்ல காத்து லீக் ஆகுது. கப்போட வெளிப்பக்கம் மூடின வகை ஹெட்போன்ல காதைச் சுத்தி காத்து அடைஞ்சு நின்னாதான் பேஸ் வரும், ரெக்சின் உரிஞ்சதுன்னு நீங்க துணி பேட் போட்டதும் அது வழியா கசிஞ்சிடுது.

பாட்டு ஓடும்போது ரெண்டு கப்பையும் கையால லேசா அமுக்குங்க, மூக்குக்கண்ணாடி இருந்தா கழட்டிட்டு. பேஸ் திரும்பினா எங்கயோ இடைவெளி இருக்கு, பேட் கப்போட சேர்ற விளிம்புல மெல்லிசா ஃபோம் டேப் சுத்திப் பாருங்க. திரும்பலன்னா துணியேதான் காரணமா இருக்கும், ஓட்டை இல்லாத ரெக்சின் பேட்டே வாங்கிடுங்க. நம்ம வேலூர் வெயிலுக்கு காது வேர்த்து ஊத்தும்தான், துடைச்சு துடைச்சு வச்சா நாள் வரும்.

ஒண்ணு மட்டும், பேஸ் வேணும்னு கப்புல இருக்கற சின்ன ஓட்டைங்கள டேப் போட்டு அடைச்சிடாதீங்க, அது தெரிஞ்சே வச்சது, சவுண்டே வேற மாதிரி ஆயிடும்.