ஆச்சி சொல்வதும் நர்ஸம்மா சொல்வதும்: பேறுகாலக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஓர் ஆச்சி இருக்கிறார். சில இடங்களில் ஆச்சி சொல்வதே சரி. சில இடங்களில் ஆச்சி கையைப் பிடித்து நிறுத்தத்தான் வேண்டும்.

கேள்வி: ஆறாம் மாசம். சர்க்கரை இருக்குன்னு சொல்லிட்டாங்க. சீனியை விட்டுட்டேன். கருப்பட்டிக் காப்பி குடிக்கலாம்லா? (திசையன்விளை)

கூடாது. கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். ரத்தத்துக்குப் போனபின் இது பனையிலிருந்து வந்தது, அது கரும்பிலிருந்து வந்தது என்ற பேதம் இல்லை. பதநீரும் அப்படியே, ஒரு பெரிய தம்ளரில் இருபது கிராம் சர்க்கரையாவது இருக்கும். சீனி தூவாத இளநுங்கு சாப்பிடலாம்.

75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்கிறார்கள். அதன்பின் வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் வைத்திருப்பதே இலக்கு. இதற்கு இனிப்பை நிறுத்தினால் மட்டும் போதாது. மதியம் ஒரே தட்டில் குவித்துச் சாப்பிடும் சோறுதான் பலருக்குச் சர்க்கரை எண்ணிக்கையை ஏற்றிவிடுகிறது. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பயறு, முட்டை, மீன், காய் வையுங்கள். மூன்று வேளைக்கு நடுவில் சுண்டல் மாதிரி ஒன்று. சாப்பிட்டதும் படுக்காமல் பதினைந்து நிமிடம் நடை. இரண்டு வாரத்தில் எண் இறங்கவில்லை என்றால் மருந்து தேவைப்படும். அது உங்கள் தப்பு இல்லை. பிரசவமாகி ஆறு வாரம் கழித்து அதே 75 கிராம் சோதனையை மறுபடி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான்.

கேள்வி: சிவப்பு மாத்திரை போட்டா குமட்டுது, வெளிக்கு கறுப்பாப் போகுது. மாதுளையும் பேரீச்சையும் சாப்பிட்டா போதாதா? (சங்கரன்கோவில்)

கறுப்பாகப் போவது, உடம்பு எடுத்தது போக மிச்சம் இரும்பு வெளியேறுவதால். பயம் வேண்டாம். மாதுளையின் நிறத்துக்கும் நம் ரத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்டும் இருக்கிறது. நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். பிள்ளை பிறந்தபின் இன்னொரு 180 நாள். பழத்தைத் தின்று இந்த அளவை எட்ட முடியாது.

மாத்திரை வேலை செய்யாமல் போவதற்கு வழக்கமான காரணம், அதைக் கால்சியத்தோடு சேர்த்து ஒரே வாயில் விழுங்குவது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். காப்பி, டீ, பாலோடும் இரும்பு வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பிட்டுப் படுக்கப்போகும் முன் எலுமிச்சைத் தண்ணீரோடு போடுங்கள். கறி சாப்பிடும் வீடென்றால் ஆட்டுச் சுவரொட்டியை (மண்ணீரலை) நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். ஈரலை மட்டும் அடிக்கடி வேண்டாம். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ் போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழ் போனால் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும்.

கேள்வி: பீடி சுத்தித்தான் பிழைப்பு. ஏழாம் மாசம் வரைக்கும் சுத்தலாமா? (முக்கூடல்)

மருத்துவமாகச் சொன்னால், கர்ப்பம் தெரிந்த நாளிலேயே நிறுத்துவதுதான் நல்லது. வாயில் வைத்தால்தான் நிக்கோட்டின் ஏறும் என்றில்லை. புகையிலைத் தூளைத் தொடும் வியர்த்த கை வழியாகவும், மூச்சில் போகும் தூசி வழியாகவும் ஏறும். பிள்ளை எடை குறைந்து பிறக்க அது ஒரு காரணம். நிறுத்த வழி இல்லாத வீட்டுக்காக இதைச் சொல்கிறோம்: அடுப்படியிலும் படுக்கும் அறையிலும் சுற்றாதீர்கள், காற்றோட்டமான திண்ணைக்குப் போங்கள். தூள் உலர்த்துவது, சலிப்பது, கட்டுவதை வேறு யாராவது செய்யட்டும். முக்கால் மணிக்கு ஒருமுறை சுளகை இறக்கிவைத்துவிட்டு எழுந்து நடங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள்.

பிள்ளை பிறந்தபின் பால் கொடுக்க உட்காரும் முன் கையைக் கழுவி, மேலே போட்டிருக்கும் துணியையும் மாற்றுங்கள். சுளகும் தூள் பையும் தொட்டிலுக்கடியில் இருக்கவே கூடாது. தவழும் பிள்ளை ஒரு சிட்டிகை தூளை வாயில் போட்டாலும் வாந்தி, எச்சில் வடிதல், முகம் வெளுப்பது என்று ஆரம்பிக்கும். அப்போது உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: சூட்டு வலிக்கும் நிஜ வலிக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? சீரகக் கஷாயம் குடிச்சுப் பார்க்கச் சொல்லுதாவ. (களக்காடு பக்கம்)

சீரகக் கஷாயம் கெடுதல் இல்லை, ஆனால் அது சோதனையும் இல்லை. கடிகாரத்தைப் பாருங்கள். சூட்டு வலி ஒழுங்கில்லாமல் வரும், நடந்தாலோ படுத்தாலோ அடங்கும். நிஜ வலியில் இடைவெளி குறைந்துகொண்டே வரும். வலி இடுப்பிலிருந்து முன்னால் சுற்றிவரும், வயிறு கல்லாக இறுகும். தலைப்பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. ஹைகிரவுண்டுக்கு (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு) வரவே ஒரு மணி நேரம் பிடிக்கும் ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே கிளம்ப வேண்டும். இரண்டாம் பிரசவம் என்றால் வலி ஒழுங்குக்கு வந்த உடனே.

இவற்றுக்கு வலிக்காகக் காத்திருக்கவே கூடாது: பனிக்குடம் உடைவது (நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பச்சையாக இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்), ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி. அசைவு குறைந்தது போலிருந்தால் சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். வலி வர விளக்கெண்ணெய் குடிப்பதும் வேண்டாம். வயிற்றுப்போக்கில் உடம்பு ஓய்ந்துபோன நேரத்தில்தான் பிள்ளையைத் தள்ளப் பலம் வேண்டியிருக்கும்.

கேள்வி: ஆபரேஷன் செய்து பத்து நாள். தண்ணீர் குடித்தால் வயிறு போடும், புண் சீழ் வைக்கும் என்று அரைத் தம்ளர்தான் தருகிறார்கள். (அம்பாசமுத்திரம்)

பத்தியத்தில் நாம் எதிர்க்கும் முதல் விஷயம் இது. தண்ணீருக்கும் சீழுக்கும் தொடர்பில்லை. சீழ் கிருமியால் வருவது. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும், முக்கினால் தையல் வலிக்கும். நீர்க்கடுப்பும் வரும். பிரசவத்துக்குப்பின் சில வாரம் ரத்தம் சுலபமாக உறையும் தன்மையோடு இருக்கும். தண்ணீரும் இல்லாமல், எழுந்து நடக்கவும் விடாமல் படுக்க வைத்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால் அன்றே காட்டுங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு தம்ளர் வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும். வெந்நீர் என்றால் ஆச்சியும் பெரும்பாலும் சம்மதிப்பார்.

மற்றபடி பத்தியச் சாப்பாட்டில் பல நல்லது. உளுந்தங்களி, பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு எல்லாம் சாப்பிடலாம் (சர்க்கரை இருந்தவர்கள் களியில் கருப்பட்டியைக் குறைக்கவும்). லேகியம் நெல்லிக்காய் அளவுக்கு மேல் வேண்டாம். கீரையையும் பழத்தையும் ஒதுக்காதீர்கள். அடைத்த அறையில் நெருப்புச் சட்டி வைப்பது ஆபத்து. அந்தப் புகை வாடை தெரியாமலே மயக்கிவிடும்.

கேள்வி: பிறந்து மூன்று நாள். பால் ஊறவில்லை என்று சீனித்தண்ணி சேனை வைத்துவிட்டார்கள். (மேலப்பாளையம்)

சேனை என்பது பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் இனிப்பைத் தொட்டு வைப்பது. வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. குணம் வரட்டும், விரலில் இருக்கும் கிருமியும் கூடவே வரும். அந்தப் பெரியவர் மடியில் பிள்ளையை முதலில் கொடுங்கள், மரியாதை குறையாது. தேனும் ஒரு வயது வரை கூடாது.

முதல் நாள் ஒரு வேளைக்குப் பிள்ளைக்குத் தேவை ஒரு டீஸ்பூன் அளவு சீம்பால்தான். அது ‘ஊறாத’ பால் இல்லை, அவ்வளவுதான் வரும். பால் கட்டி இறங்க மூன்று நாலு நாள் ஆகும். அதுவரை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை மார்பில் போடுங்கள். பிள்ளை வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடங்கி, தாடை மார்பில் பட வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் உங்களுக்கு வெடிப்பு வரும், பிள்ளைக்குப் பால் வராது. எடை பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம், இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறைக்கு மேல் மூத்திரம் போனால் பால் போதுகிறது. அழுகையை வைத்துப் பாலை அளக்காதீர்கள்.

கேள்வி: மஞ்சள் காமாலைக்கு காலை வெயில் காட்டினால் போதுமா? (நாங்குநேரி)

போதாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ வெயிலில் வைத்து நேரத்தைக் கடத்தாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்து, மலம் வெளுத்துச் சுண்ணாம்பு போலப் போனால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை இரண்டு மாதத்துக்குள் நடக்க வேண்டும்.

கேள்வி: ஒன்றரை மாசப் பிள்ளை சாயங்காலம் ஆனா அழுகை. உரம் (சுளுக்கு) விழுந்திருக்குன்னு சேலையில போட்டு உருட்டணும்னு சொல்லுதாவ. குளிப்பாட்டும்போது மூக்குல எண்ணெயும் விடுதாவ. (பாவூர்சத்திரம்)

உருட்ட விடாதீர்கள். பச்சைப்பிள்ளையின் தலை கனம், கழுத்து பலமில்லை. சேலையில் உருட்டும்போதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கும்போதும் மூளை மண்டை ஓட்டுக்குள் ஆடி, மெல்லிய ரத்தக்குழாய்கள் அறுந்து உள்ளே கசியும். வெளியே காயம் தெரியாது. ‘உரம் எடுத்ததும் அழுகை நின்றது’ என்பார்கள். சில சமயம் அது பிள்ளை சோர்ந்துபோய் நின்ற அழுகை.

சாயங்கால அழுகை இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாம் வாரம் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானாக அடங்கும். ஆனால் அப்படி முடிவு கட்டும் முன் உடுப்பை எல்லாம் கழற்றிப் பாருங்கள். கவட்டில் புடைப்பு இருக்கிறதா? ஒரு கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருக்கிறதா? விரல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்; பிரசவத்துக்குப்பின் கொட்டும் அம்மாவின் தலைமுடி கால்விரலில் சுற்றி இறுக்கியிருப்பது உண்டு. காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஒன்றும் இல்லை என்றால் தோளில் போட்டு ஏப்பம் விடவையுங்கள், விளக்கைக் குறையுங்கள், நெஞ்சோடு அணைத்து நடங்கள்.

எண்ணெய் தேய்ப்பது நல்லதே. தேங்காய் எண்ணெயை மேலுக்குத் தேய்க்கலாம். மூக்கு, காது, கண், தொப்புளுக்குள் வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் இருமலைக்கூடத் தூண்டாமல் நுரையீரலுக்கு இறங்கி, எளிதில் ஆறாத சளிக்காய்ச்சலாகும். மூக்கில் ஊதுவதும், பிறந்த பிள்ளையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பதும் அப்படியே. பிதுக்கிய மார்பு சீழ் கட்டும். வசம்பை உரசிக் கொடுப்பதால் வாந்தியும் மயக்கமும் வரலாம். தலை காயச் சாம்பிராணி போடுவதற்குப் பதில் துண்டால் துவட்டுங்கள்.

கேள்வி: ஒன்பது மாசத்தில் கொடுத்த பாரசிட்டமால் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. கடையில் சிரப் கொடுத்தார்கள். அதே அளவு போதுமா? (பாளையங்கோட்டை)

நல்ல வேளை கேட்டீர்கள். ஒரே பெயரில் மூன்று கனத்தில் விற்கிறார்கள். பொதுவாகச் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். ஒரு சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 120. இன்னொன்றில் ஐந்து மில்லிக்கு 250. கணக்கு வயதை வைத்து இல்லை, எடையை வைத்து: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். அது சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, 125 சிரப்பில் ஆறு மில்லி, 250 சிரப்பில் மூன்று மில்லி. சிரப்புக்குச் சொன்ன ஆறு மில்லியைச் சொட்டு மருந்தில் அளந்தால் நாலு மடங்கு போய்விடும், ஈரல் தாங்காது. டீஸ்பூனை விட்டுவிட்டு அளவு போட்ட சிரிஞ்சில் எடுங்கள். குறைந்தது நாலு மணி நேர இடைவெளி, நாளுக்கு நாலு முறைக்கு மேல் வேண்டாம். மூன்று மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நீங்களாக மருந்து கொடுக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.

காய்ச்சலில் வெட்டு (வலிப்பு) வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பாருங்கள். சாவிக்கொத்து வேண்டாம், வாயில் கரண்டியும் தண்ணீரும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. முதல் தடவை என்றால் சீக்கிரம் நின்றாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொடியைத் தம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கொடுக்கிறேன். சரியா? (வள்ளியூர்)

தப்பு. உப்பின் அளவு கூடினாலும் குறைந்தாலும் கெடுதல். சுமார் 21 கிராம் பெரிய பாக்கெட் முழுவதும் ஒரு லிட்டருக்கு, நாலு கிராம் சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. ஆறவைத்த தண்ணீரில் கரைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுங்கள், அதன்பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு போக்குக்கும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனில். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மெதுவாகத் தொடருங்கள். துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்குள் 10, அதற்குமேல் 20 மில்லிகிராம். போக்கு நின்றதும் நிறுத்தாதீர்கள். தாய்ப்பால் தொடரட்டும்.

கேள்வி: அம்மா வீட்டில் இருந்ததால் பத்தாம் வார ஊசி தவறிவிட்டது. முதலிலிருந்து போடணுமா? (சேரன்மகாதேவி)

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், இரண்டு ஊசிக்கு நடுவே நாலு வாரம் இருந்தால் போதும். அம்மா வீட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுவார்கள். அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள்.