மஞ்சள், மிளகு, கீரை: சர்க்கரை நோயாளியின் கண்ணைக் காக்குமா?

*எட்டு வருடமாகச் சர்க்கரை. விழித்திரையில் லேசான கசிவு என்கிறார் கண் டாக்டர். தினமும் மஞ்சள் பால் குடித்தால் சரியாகுமா? (செவ்வாய்ப்பேட்டை வாசகர்)*

குடியுங்கள், சர்க்கரை போடாமல். ஆனால் கசிவுக்கு அது மருந்தாகாது. ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பலவீனமாகிப் புடைத்து, கசியத் தொடங்கும். சில குழாய்கள் அடைபட்டும் போகும். ரத்தம் கிடைக்காத பகுதி வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கும். கசிவைக் கூட்டுவதும், எளிதில் உடையும் புதுக் குழாய்களை முளைக்க வைப்பதும் அதுதான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள், சர்க்கரை நோயுள்ள எலிகளின் விழித்திரையில் இந்தப் புரதத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் இருப்பதே எடையில் சுமார் 3 சதவீதம், அதிலும் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். எலிக்குக் கொடுத்த அளவு நம் டம்ளரில் வராது.

மனிதர்களிடம் நிரூபணமானது வேறு. முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த டி.சி.சி.டி. ஆய்வில் (1993), சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை பாதிப்பு புதிதாக வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகை (டைப் 2) சர்க்கரை உள்ளவர்களிடம், பிரஷரைக் கட்டுப்படுத்தினாலும் பாதிப்பு முற்றுவது குறையும் என்று 1998-இல் தெரிந்தது. எந்த மூலிகைக்காவது இப்படி ஒரு சான்றை யாராவது காட்டினால், நானே அதை எழுதிக் கொடுப்பேன்.

*எங்கள் தோட்டத்து மிளகைச் சேர்த்தால் மஞ்சள் நன்றாக வேலை செய்யுமாமே? மிளகு சேர்ந்த மஞ்சள் மாத்திரை வாங்கலாமா? (ஏற்காடு)*

மிளகில் உள்ள பைப்பரின் என்ற பொருள் குர்குமினை ரத்தத்தில் பல மடங்கு கூடுதலாகச் சேர்க்கும். ரசத்தில், பாலில் சேருங்கள், நல்லதே. மாத்திரை வேண்டாம். அடர்த்தியான அந்த மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

*முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி? (ஓமலூர்)*

தாராளமாக. கீரையின் லூட்டின் விழித்திரையின் நடுப்பகுதியில் போய்த் தங்குகிற நிறமி. துளி எண்ணெயில் வதக்கினால் உடம்பில் நன்றாகச் சேரும். லூட்டின் மாத்திரைகளைப் பற்றிய பெரிய ஆய்வு முதுமையில் வரும் விழித்திரைத் தேய்வுக்கானது, சர்க்கரைக் கண்ணுக்கு அல்ல. அப்புறம், கீரையோடு என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். நம் சேலத்து ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும்.

*அம்மா கண்ணில் நந்தியாவட்டைச் சாறு விடுகிறார். (அம்மாபேட்டை)*

இன்றே நிறுத்துங்கள். கருவிழியில் கிருமி தொற்றிப் புண்ணாகலாம்.

*பார்வை தெளிவாகவே இருக்கிறது. பரிசோதனை அவசியமா? (ஆத்தூர்)*

அவசியம். கசிவு மையப்பகுதியைத் தொடும்வரை பார்வை குறையாமலே இருக்கலாம், வலியும் இராது. லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் பார்வை பெரிதும் குறைவதற்கு முன்பே போட்டால்தான் நன்கு பலன் தரும். இரண்டாம் வகை என்றால் நோய் தெரிந்த உடனேயே, அப்புறம் பொதுவாக வருடம் ஒரு முறை, சொட்டு மருந்தால் கண் பாப்பாவை விரித்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கும். பைக்கில் போகாமல் துணைக்கு ஒருவரோடு போங்கள்.