மெக்ரெகர் குடும்பத்துக்கு ஏன் கேம்ப்பெல் பொருத்தங்கள் வருகின்றன?

டொரொண்டோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய கணவரின் குடும்பப்பெயர் மெக்ரெகர். முன்னோர்கள் ஸ்காட்லாந்திலிருந்து கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலுள்ள பிக்டு பகுதிக்கு வந்தவர்கள் என்பது வரைக்கும் வீட்டில் தெரியும். கணவர் 37 மார்க்கர் ஒய்-டிஎன்ஏ சோதனை, அதாவது ஆண்வழியைக் காட்டும் ஒய் குரோமோசோமில் 37 இடங்களை ஒப்பிடும் சோதனை, செய்திருக்கிறார். அதில் ஒத்துவந்தவர்களின் பொருத்தப் பட்டியலில் மெக்ரெகர்கள் சிலரே இருக்கிறார்கள்; கேம்ப்பெல், டிரம்மண்ட், மரே, கிராண்ட் என்று வேறு பெயர்கள்தான் அதிகம். “சோதனை தப்பா, அல்லது இவர் மெக்ரெகரே இல்லையா? ராப் ராயின் வம்சம் என்று மாமனார் சொல்வதை நம்பலாமா? என் மகளுக்கும் சோதனை செய்தால் தெளிவு கிடைக்குமா?” என்று கேட்கிறார். ராப் ராய் என்பவர் மெக்ரெகர் குலத்தின் பேர்போன மேட்டுநில வீரர்.

சோதனை தப்பு என்று நினைக்க இதில் எதுவும் இல்லை. வேறொரு ஸ்காட்டிஷ் பெயருக்கு இப்படி ஒரு பட்டியல் வந்திருந்தால் நானும் கொஞ்சம் யோசித்திருப்பேன். மெக்ரெகருக்கு இப்படி வருவதுதான் இயல்பு. காரணம் அந்தக் குலத்தின் வரலாற்றில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பட்டியலைப் படிப்பது சுலபமாகிவிடும்.

ஸ்காட்லாந்தின் மேட்டுநில மக்கள் பேசிய கேலிக் மொழியில் இந்தப் பெயருக்குக் கிரிகோரின் மகன் என்று பொருள். அந்த மக்களிடம் இப்படிப்பட்ட பெயர்கள் வெகுகாலம் நம் இனிஷியல் மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்தன. ஒரு தலைவரின் வழியில்தான் அவை மெல்ல நிலைத்த குலப்பெயர்களாயின. மெக்ரெகர்களின் பழைய நிலம் ஆர்கைல் பகுதியின் கிளெனார்க்கி பள்ளத்தாக்கு. கிளெனார்க்கியைச் சேர்ந்த, கிரிகோரின் மகன் ஜான் 1390-இல் இறந்ததாகப் பழைய பதிவு ஒன்று சொல்கிறது. ஒற்றைக்கண் இயன் (ஜான் என்பதன் கேலிக் வடிவம்) என்ற பொருளில் ‘இயன் காம்’ என்று குலமரபு அழைப்பது இவரைத்தான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டிஎன்ஏ பகுதியில் மறுபடி வரும்.

கிளெனார்க்கி நிலத்தின் உரிமை கேம்ப்பெல்களிடம் போனது. 15-ஆம் நூற்றாண்டில் அவர்கள் அங்கே கில்ச்சர்ன் கோட்டையைக் கட்டினார்கள். மெக்ரெகர்கள் கிளென்ஸ்ட்ரே, கிளென் லயன், ரானக், பால்விடர் என்று ஆர்கைல், பெர்த்ஷயர் மலைகளெங்கும் மற்றவர்களின் நிலத்தில் குத்தகைக்காரர்களாகப் பரவினார்கள். 1570-இல் கிளென்ஸ்ட்ரேயின் தலைவர் கிரிகோர் ராயைக் கிளெனார்க்கியின் கேம்ப்பெல் தலைவர் தலைவெட்டிக் கொன்றார். கொல்லப்பட்டவரின் மனைவியே ஒரு கேம்ப்பெல் குடும்பத்துப் பெண். பகையும் மண உறவும் இப்படி ஒரே வீட்டுக்குள் இருந்த காலம் அது.

1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயின் என்ற இடத்தில் மெக்ரெகர்கள் லஸ் பகுதியின் கஹூன் குலத்தாரைப் போரில் தோற்கடித்துப் பலரைக் கொன்றார்கள். அரசர் ஆறாம் ஜேம்ஸ் அப்போதுதான் இங்கிலாந்துக்கும் அரசராகியிருந்தார். அவர் லண்டனுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, 1603 ஏப்ரல் 3-ஆம் தேதி, மெக்ரெகர் என்ற பெயரையே ஒழிக்கும் ஆணை வந்தது. அந்தப் பெயரை விட மறுத்தால் மரணம். மறு ஆண்டு ஜனவரியில் குலத்தலைவர் அலஸ்டேர் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். 1661-இல் இரண்டாம் சார்லஸ் தடையை நீக்கினார், 1693-இல் வில்லியம் அரசரின் காலத்தில் அது திரும்ப வந்தது, கடைசியாக 1774-இல்தான் ஒழிந்தது. நடுவில் கிடைத்த முப்பது சொச்சம் ஆண்டுகளைக் கழித்தாலும், சுமார் 140 ஆண்டுகள் ஒரு குலம் முழுக்கத் தன் பெயரைச் சட்டப்படி சொல்ல முடியாமல் வாழ்ந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் பெயர் வரலாற்றில் இதைவிடக் கொடுமையான அத்தியாயம் எனக்குத் தெரியாது.

தங்கள் பெயர் போனவர்கள் பெரும்பாலும் யாருடைய நிலத்தில், யாருடைய பாதுகாப்பில் இருந்தார்களோ அவர்களுடைய பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆர்கைலிலும் அதை ஒட்டிய பெர்த்ஷயரிலும் கேம்ப்பெல், ஸ்ட்ராதர்ன் பக்கம் டிரம்மண்ட், ஆதல் பக்கம் மரே, வடக்கே ஸ்பே ஆற்றுப் பகுதியில் கிராண்ட். இன்னும் சிலர் கிரஹாம், ஸ்டூவர்ட் ஆனார்கள். உங்கள் பட்டியலை மறுபடி பாருங்கள், இதே பெயர்கள்தான் வந்திருக்கின்றன. 1774-க்குப் பிறகு சிலர் பழைய பெயருக்குத் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. இரண்டு மூன்று தலைமுறை கேம்ப்பெல்லாகவே வாழ்ந்த குடும்பத்துக்குத் திரும்பும் தேவையும் இருந்திருக்காது. குலத்தலைவராக அங்கீகரிக்கப்பட்டவரே ஜான் மரே என்ற பெயரில்தான் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பணியாற்றியவர் அவர். அந்தக் குடும்பம் 1822-இல்தான் முறைப்படி மெக்ரெகர் ஆனது.

சரி, இப்போது டிஎன்ஏ. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய அப்படியே போகிறது. சட்டம் பெயரை மாற்றினாலும் அது மாறாது. 1603-இல் ஒரு மெக்ரெகர் கேம்ப்பெல் ஆகி, அவருடைய ஆண்வழி இன்றும் கேம்ப்பெல்லாகவே இருந்தால், அந்த வழியில் வந்தவரின் ஒய் குரோமோசோம் உங்கள் கணவருடையதோடுதான் பொருந்தும்.

மெக்ரெகர் பெயருள்ளவர்களைச் சோதித்தபோது அவர்களில் ஒரு பெரிய கூட்டம் ஒரே ஆண்வழியில் வருவது தெரிந்தது. குலத்தலைவர்களின் வழியும் அதில்தான் அடங்குகிறது. இயன் காமின் பெயரால் அந்தக் குழுவை அழைக்கிறார்கள். மேற்கு ஐரோப்பாவில் மிகப் பரவலான ஆர்1பி என்ற பெரும்பிரிவு, அதற்குள் பிரிட்டன், அயர்லாந்து பக்கம் மிகுதியாக உள்ள எல்21, அதற்குள் ஸ்காட்லாந்துக்கே உரிய எல்1065, அதன் கிளைகளில் ஒன்றாக எஸ்690 என்று படிப்படியாக இறங்கி வந்தால் இந்தக் குழு கிடைக்கும். இவையெல்லாம் ஒய் குரோமோசோமில் ஏற்பட்ட மாற்றங்களை வைத்துப் பிரித்த ஆண்வழிக் கிளைகளின் பெயர்கள். உங்கள் கணவருக்கு எஸ்690 இருந்தால், பட்டியலில் எத்தனை கேம்ப்பெல்கள் இருந்தாலும் அவர் பழைய மெக்ரெகர் வழியைச் சேர்ந்தவர்தான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கேம்ப்பெல்களின் முக்கியமான ஆண்வழியும் அதே எல்1065 பிரிவுக்குள்தான் வருகிறது. அதனால் 12 அல்லது 25 மார்க்கரில் மட்டும் பொருந்துகிறவர்களை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். பல்லாயிரம் ஸ்காட்லாந்துக்காரர்கள் அந்த அளவில் ஒருவரோடு ஒருவர் பொருந்துவார்கள். 37 மார்க்கரில் வித்தியாசம் 0, 1, 2 என்று இருப்பவர்களைக் கவனியுங்கள். 4 வித்தியாசம் இருந்தால் உறவு மிகப் பழையதாகவும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். அந்த நெருங்கிய கேம்ப்பெல்களும் டிரம்மண்டுகளும் எஸ்690 உள்ளவர்கள்தானா என்று பாருங்கள். சிலர் அந்த விவரத்தைப் பொதுவில் வைத்திருப்பார்கள். ஆம் என்றால் அவர்களும் பெயர் மாறிய மெக்ரெகர்கள் என்று கொள்ளலாம். நெருங்கிய பொருத்தங்கள் எல்லாம் கேம்ப்பெல்களின் கிளையில் போய் விழுந்தால் கதை தலைகீழ்: உங்கள் கணவரின் வழியில் எங்கோ ஒரு கேம்ப்பெல் ஆண் இருக்கிறார்.

அப்படி வந்தாலும் வீட்டில் யாரும் மனம் நோக வேண்டியதில்லை. கணவனை இழந்த பெண் மறுமணம் செய்தால் பிள்ளைகள் புதுத் தகப்பனின் பெயரில் வளர்ந்தார்கள். தத்து எடுத்தார்கள். குலத்தோடு சேர்ந்து வாழ்ந்த குடியானவர்களும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளும் எல்லா நாட்டிலும் உண்டு. ஆய்வுகளின்படி அது ஐரோப்பாவில் ஒரு தலைமுறைக்குச் சுமார் 1 சதவீதம். பன்னிரண்டு தலைமுறைக்குக் கணக்குப் போட்டால் பத்தில் ஒரு வழியில் ஒரு முறையாவது நடந்திருக்கும். இந்தப் பெயருக்காகத் துன்பப்பட்டவர்கள் எல்லாரும் இயன் காமின் ரத்தம் இல்லை, ஆனால் எல்லாரும் மெக்ரெகர்கள்தான்.

அடுத்து செய்ய வேண்டியது, எஸ்690-ஐ உறுதிசெய்வது. அந்த ஒரு குறியை மட்டும் பார்க்கும் தனிச் சோதனை மலிவு. கையில் பணம் இருந்தால் ஒய் குரோமோசோமை விரிவாகப் படிக்கும் பிக்-ஒய் சோதனை செய்யுங்கள், என் பரிந்துரை அதுதான். எஸ்690-க்குக் கீழே எந்தக் கிளை என்பதையும் அது காட்டும், பிறகு திரும்பத் திரும்பச் செலவழிக்க வேண்டியிருக்காது. அதற்கு முன்னால், ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ என்ற சோதனை நிறுவனத்தின் தளத்தில் உள்ள கிளான் கிரிகோர் (மெக்ரெகர் குலம்) குழுவில் சேர்ந்துவிடுங்கள். இலவசம்தான். எந்தக் குடும்பம் எந்தக் கிளையில் வருகிறது என்று பல ஆண்டுகளாக ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

ராப் ராய் விஷயம். அவர் 1671-இல் பிறந்து 1734-இல் இறந்தவர், கல்லறை பால்விடரில் இருக்கிறது. 1693-இல் தடை திரும்ப வந்ததும் தாயின் குடும்பப்பெயரான கேம்ப்பெல்லை வைத்துக்கொண்டவர் அவரே. ஆனால் அவருக்குப் பல தலைமுறை முன்னால் பிரிந்த கிளைகளுக்கும் எஸ்690 உண்டு. அது இருப்பதால் ராப் ராயின் வம்சம் என்று ஆகிவிடாது. அதற்கு ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆவணம் வேண்டும், அல்லது ஆவணங்களால் நிரூபிக்கப்பட்ட அவருடைய ஆண்வழி வாரிசு ஒருவரோடு பிக்-ஒய் மிக நெருக்கமாகப் பொருந்த வேண்டும். அதுவரை மாமனார் சொல்வதைக் குடும்பக் கதையாக எழுதி வையுங்கள். யார் அவருக்குச் சொன்னார்கள், எந்த ஊர்ப் பெயர் அதில் வருகிறது என்பதையும் கேட்டு எழுதுங்கள். வம்சக் கதை பொய்யானாலும் அதிலுள்ள ஊர்ப் பெயர் பல தடவை சரியாக இருக்கும்.

மகளுக்குச் சோதனை இதற்கு உதவாது. பெண்களுக்கு ஒய் குரோமோசோம் இல்லை. அவளுக்குச் செய்யக்கூடிய ஆட்டோசோமல் சோதனை எல்லா முன்னோர்களையும் கலந்து காட்டும். எட்டுத் தலைமுறைக்கு முன் அவளுக்கு 256 முன்னோர்கள். அவர்களில் ஒருவரின் பங்கு சராசரியாக 0.4 சதவீதம், சுத்தமாக இல்லாமலும் போகலாம். அந்தச் சோதனையை மாமனாருக்குச் செய்யுங்கள். உங்கள் மகளைவிட அவர் இரண்டு தலைமுறை முன்னோர்களுக்கு நெருக்கமாக இருக்கிறார். அவருக்குச் சம்மதமென்றால் இந்த மாதமே மாதிரி எடுத்துவிடுங்கள்.

ஆவணத் தேடலில் பெயர்த்தடையின் தேதிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிக்டுவுக்கு மேட்டுநிலக் குடியேறிகளைக் கொண்டுவந்த ‘ஹெக்டர்’ கப்பல் 1773-இல் வந்தது, தடை நீங்குவதற்கு முந்தின ஆண்டு. 1774-க்கு முந்தைய எந்தப் பட்டியலிலும் உங்கள் ஆள் வேறு பெயரில் இருக்கலாம். 1786-இல் பிக்டுவுக்கு வந்து கேலிக்கில் பிரசங்கம் செய்த பாதிரியார் ஜேம்ஸ் மெக்ரெகரே பெர்த்ஷயரில் டிரம்மண்ட் என்ற பெயரில் பிறந்தவர். நோவா ஸ்கோஷியாவின் பிறப்பு, இறப்புப் பதிவுகள் 1864 முதல் 1877 வரை உண்டு. பிறகு 1908 வரை இல்லை. அந்த இடைவெளிக்குத் தேவாலயப் பதிவேடுகளும் மக்கள்தொகைக் கணக்கும்தான் துணை.

ஸ்காட்லாந்து பக்கம் ‘ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்’ என்ற அரசுத் தளம் இருக்கிறது. அரசுப் பதிவு 1855-இல் தொடங்குகிறது. அதற்கு முந்தையவை பழைய பாரிஷ் (தேவாலய வட்டார) பதிவேடுகள். உங்கள் குடும்பம் கப்பலேறிய காலத்துக்கு அவைதான் வேண்டும். பெர்த்ஷயர், ஆர்கைல், ஸ்டெர்லிங்ஷயர் பாரிஷ்களில் மெக்ரெகர் என்று மட்டும் தேடாதீர்கள். சில பதிவுகளில் இரண்டு பெயரும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும். பலவற்றில் எடுத்துக்கொண்ட பெயர் மட்டும் இருக்கும். இங்கேதான் உங்கள் பொருத்தப் பட்டியல் பயன்படும். மிக நெருங்கிய பொருத்தங்களில் டிரம்மண்ட் அதிகமானால் முதலில் ஸ்ட்ராதர்ன் பாரிஷ்களில் டிரம்மண்டைத் தேடுங்கள், மரே அதிகமானால் ஆதல் பக்கம் போங்கள். பெற்றோர் பெயர், ஊர், பிள்ளைகளின் வரிசை மூன்றும் ஒத்துப்போகும் ஒரு டிரம்மண்ட் குடும்பம் 1774-க்குப் பிறகு அதே பதிவேட்டில் மெக்ரெகர் என்று மாறி வந்தால், அந்தப் பக்கத்தின் படத்தை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.